ஆட்ட நடத்துநரின் அதிகாரம்

மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. மேசையின்மேல் பகடைகள், பென்சில்கள், சில தாள்கள் ஆகியவை மட்டுமே இருக்கும். நால்வர் ஆளுக்கொரு கதைப்பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வாள்வீரர், மற்றொருவர் மந்திரவாதி. ஐந்தாமவருக்கு அவ்வாறு தனிப் பாத்திரம் இல்லை. கதையில் வரும் காடு, குகை, ஊர்மக்கள், பகைவர் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. அவரே ஆட்ட நடத்துநர்.

ஆட்டக்காரர் தம் பாத்திரம் செய்ய விரும்புவதைச் சொல்வார். அது கைகூடுமா என்பதை நடத்துநர் முடிவு செய்வார். ஐயம் எழுந்தால் பகடையை உருட்டச் சொல்வார். விதிநூலில் இல்லாத சிக்கல் வந்தால் அவர் சொல்லே தீர்ப்பு. ஒருவருக்கு இத்துணை அதிகாரம் எப்படி வந்தது?

இதன் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய இராணுவ அதிகாரி, ‘கிரீக்ஸ்ஸ்பீல்’ என்ற பயிற்சி விளையாட்டைத் தம் நாட்டுப் படைத்தலைமைக்குக் காட்டினார். இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் தெரிவித்தனர். நடுவர் பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு இழப்புகளைக் கணக்கிட்டார். கணக்குகள் மிகுந்ததால் ஆட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. எனவே, 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி, அனுபவமிக்க நடுவரின் மதிப்பீட்டுக்கே முடிவை விட்டுவிடலாம் என்று எழுதினார்.

பிற்காலத்தில் இந்த நடுவர் முறை பொழுதுபோக்கு விளையாட்டுகளிலும் இடம்பெற்றது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு போர் விளையாட்டை நடத்தினார். ஆட்டக்காரர்கள் அவர் எதிர்பாராத செயல்களில் இறங்கினர். இருவர் தங்களுக்குள் சண்டையிடவே விரும்பினர்! அதற்கு விதி ஏதும் இல்லாததால் வெஸ்லி அங்கேயே ஒரு வழியை வகுத்தார். அவரது நண்பர் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன், பின்னர் கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார். அதன் முதல் பதிப்பும் ஆட்ட நடத்துநரை நடுவர் என்றே குறிப்பிட்டது.

மனிதக் கற்பனை முழுவதையும் எந்த விதிநூலாலும் அடக்க முடியாது. பகைவர் துரத்தும்போது, “தொங்குபாலத்தின் கயிற்றை அறுக்கிறேன்” என்கிறார் ஓர் ஆட்டக்காரர். கயிறு எவ்வளவு தடிமன்? பகைவர் எவ்வளவு அருகில் உள்ளனர்? இவற்றை எடைபோட்டு உடனே முடிவு சொல்ல ஒருவர் தேவை.

எனினும், அதிகாரம் உள்ள இடத்தில் சோதனையும் உண்டு. நடத்துநர் பலர் ஓர் அட்டைத் தடுப்பின் பின்னால் பகடையை உருட்டுவர். எல்லாரும் விரும்பும் பாத்திரம் மாளும்படி எண் விழுந்தால், அதை மறைத்து வேறு எண்ணைச் சொல்லலாமா? கதை சுவைக்க அது தேவை என்பர் சிலர். அப்படிச் செய்தால் ஆட்டக்காரர் துணிந்து எடுத்த முடிவுக்கு மதிப்பில்லாமல் போகும் என்பர் வேறு சிலர். இதனால் சில குழுக்களில் எல்லார் கண்முன்னும் பகடையை உருட்டுகின்றனர். 2009-இல் வெளிவந்த ‘ஃபியாஸ்கோ’ விளையாட்டில் நடத்துநரே இல்லை. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’, நடத்துநர் பின்பற்ற வேண்டிய நெறிகளையும் விதிகளாக வகுத்தது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் நடத்துநரிடம் நண்பர்கள் நெடுநாள் ஆடமாட்டார்கள். அவர்கள் எழுந்து சென்றுவிட்டால், அவர் ஆள்வதற்கு மேசை மட்டுமே எஞ்சும். ஆட்டக்காரர்கள் நம்பிக் கொடுத்த அதிகாரம் அது. தீர்ப்புக்குக் காரணம் சொல்வதும், தவறினால் திருத்திக்கொள்வதும், அனைவருக்கும் சம வாய்ப்பு அளிப்பதும் அந்த நம்பிக்கையைக் காக்கும் வழிகள். வகுப்புத் தலைவருக்கும் விளையாட்டுக் குழுத் தலைவருக்கும் இது பொருந்தும்.