கைப்பேசிக் காட்சிப் பாடத்தை மாணாக்கர் ஏற்கும் விதம்

பாலாற்றை அடுத்த சத்துவாச்சாரிப் பக்கத்தில், தம் பிள்ளை பாடப்புத்தகத்தின் மேல் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருப்பதைக் காணும் குடியானவர், அதனை விளையாட்டென்று கடிந்துகொள்ளுதல் இயல்பே. ஆயினும் 2018-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. கைப்பேசியால் அவற்றைப் படித்தால் பாடத்திற்குரிய படக்காட்சி திறக்கும்.

இதற்கு அடுத்த படியாகிய உபாயமே மிகை மெய்ம்மை. அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலையில் கம்பிகளைப் பொருத்தும் வேலையாட்களுக்கு வழிகாட்டும் பொருட்டு, 1990-களின் தொடக்கத்தில் டாம் காடெல் என்பவர் இதனை ஆராய்ந்து பெயரிட்டார். கைப்பேசியின் கேமரா அச்சிட்ட படத்தின் கோடுகளையும் மூலைகளையும் அடையாளங்கண்டு, அதன் மேல் கனவடிவான உருவம் ஒன்றை நிறுத்திக் காட்டுகிறது. புத்தகத்தைத் திருப்பினால் உருவமும் திரும்பும்.

வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு இதனால் விளங்கக்கூடிய விஷயம் ஒன்றுண்டு. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் நிலத்தடியிற் கலந்ததனால் நேர்ந்த கேடு பற்றிய வழக்கில், 1996-ஆம் வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். மண்ணுக்குள் நீர் ஊர்ந்து கிணற்றை அடையும் வழியைக் கண்ணாற் காண இயலாது. கரும்பலகைக் கோடும் அதனை அரைகுறையாகவே உணர்த்தும். மண்ணடுக்குகளைக் கனவடிவிற் சுற்றிப் பார்க்கும் மாணாக்கனோ, தன் வீட்டுக் கிணற்றையே நினைவு கூர்வான்.

ஆயினும் புதுமை மட்டும் போதாது. ஒரு கருவியைக் கைக்கொள்வோர் அது தமக்குப் பயன்படுமா, எளிதிற் கையாளத்தக்கதா என்று நோக்குவர் என்பதை பிரெட் டேவிஸ் 1989-இல் ஆராய்ந்து எழுதினார். முதல் நாளின் வியப்பு சில வாரங்களிற் குன்றிவிடும். பரீட்சைக்கு உதவாததும், திறப்பதற்குள் பாடவேளையை விழுங்குவதுமான காட்சியைப் பிள்ளைகள் தாமே கைவிடுவர். அதற்காக அவர்களைச் சோம்பேறிகள் என்பது முறையன்று.

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனாரோடு வயலுக்கோ மண்டிக்கோ சென்றுவிடுமாயின், ஆசை இருந்தும் பயனில்லை. அண்ணனும் தங்கையும் படிக்கும் வீட்டில் அக்கருவி அண்ணன் கையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆதலின் மாலையில் ஒரு மணி நேரமேனும் கைப்பேசியை வீட்டில் வைத்து, இருவருக்கும் முறை வகுத்தல் வேண்டும். காட்சிகளைப் பள்ளியிலேயே முன்னதாக இறக்கி வைக்க உபாத்தியாயரைக் கேட்டுக்கொள்ளலாம். கசங்கிய பக்கத்தையும் மங்கிய விளக்கொளியில் வைத்த படத்தையும் கேமரா அடையாளங் காணாது. பளபளப்பான தாளில் விளக்கு நேரே விழுந்தாலும் அப்படியே. பக்கத்தை நீவி, சன்னலோரத்தில் சமமாக வைத்துப் பார்க்கவேண்டும்.