ஜீவனத்தைத் தொடர்ந்து வம்சத்தைத் தேடுதல்

தமது பாட்டனாருக்கு மேல் ஒரு பெயர்கூடத் தெரியாதவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோர், சரித்திரம் என்பது ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டுமே எழுதி வைக்கப்பட்டது என்றும், உழுதும் நெய்தும் இழைப்புளி பிடித்தும் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஏட்டில் இடமே கிடையாது என்றும் எண்ணித் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரி வாங்கிய சர்க்காரும், மானியம் விட்ட கோயிலும், பத்திரம் எழுதிய எழுத்தரும் சாதாரண மனிதரைப் பற்றி ஏராளமாகவே எழுதியிருக்கிறார்கள். அவர் செய்த தொழிலையும் அனுபவித்த நிலத்தையும் கொண்டே எழுதினார்கள் என்பதால், அவர் எதைக் கொண்டு ஜீவித்தார் என்ற கேள்வியோடு தேடத் தொடங்குகிறவருக்கே அந்தப் பதிவுகள் வழிவிடும்.

முதலில் குடும்பத்தின் மூத்தவர்களிடம், விசேஷமாகப் பாட்டிமார்களிடமும் அத்தைமார்களிடமும் செல்ல வேண்டும். தேதி கேட்டால் திகைப்பார்கள். சம்பவம் கேட்டால் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினதாகத் தம் பாட்டி சொன்னார் என்றால் அது 1876-77. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னைப் பட்டணம் காலியானபோது பிறந்த பிள்ளை என்றால் 1942. குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, தலைக்கட்டு வரி எந்தக் கோயிலுக்குக் கொடுத்தார்கள், வீட்டில் எந்தத் தொழிலின் கருவிகள் கிடந்தன, ஊரார் அந்த வீட்டை எப்படிக் குறிப்பிட்டார்கள் என்பவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரணிலும் மரப்பெட்டியிலும் இருக்கும் பத்திரக் கட்டு. மடிப்பில் ஒடியும் தாளுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும் லாமினேஷன் செய்வதும் அதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மெல்லப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்த பிறகே படிக்க உட்கார வேண்டும். பழைய பத்திரங்களில் ஒவ்வொருவர் பெயரோடும் தகப்பனார் பெயரும் வாசஸ்தலமும் ஜீவனமும் வரும்: விவசாயம், வியாபாரம், கைத்தொழில் என்று. சொத்து பிதிரார்ஜிதம், அதாவது முன்னோர் வழி வந்தது, என்று இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போக இடமுண்டு. சுயார்ஜிதம், அதாவது தாமே சம்பாதித்தது, என்றால் அதை வாங்கிய தாய்ப்பத்திரத்தைத் தேட வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகளும், இறந்தவரின் மைனர் குமாரர்களும், அவர்களுக்குக் கார்டியனாக நின்ற தாயாரும் ஒரே இடத்தில் பெயரோடு நிற்கும் ஆவணம் அதைப்போல் வேறொன்று இல்லை.

கட்டு அழிந்துபோயிருந்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் புத்தகத்தில் ஏறியிருக்கும். பெயரைக் கொண்டும் சொத்தைக் கொண்டும் தேட அங்கே தனித்தனி அட்டவணைகள் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்களின் முதற்புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயில் எழுதியவர் காலமான பிறகு அதன் நகலையும் எவரும் கேட்டுப் பெறலாம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது.

இனி, தொழில். கிராமத்துத் தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், கர்ணம், கோயில் மேளக்காரர் ஆகியோருக்குக் கூலிக்குப் பதிலாக மானிய நிலம் விடப்பட்டிருந்தது. அந்த மானியங்களை விசாரிக்க 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், எந்த ஊழியத்திற்காக நிலம் விடப்பட்டது, முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதியது. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்று வக்கீல்கள் சொல்லும் அந்தப் பதிவேட்டில், ஒரு தச்சர் குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே வரியில் அகப்படுவதுண்டு. அதைப் பார்க்கச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் ஜில்லா, தாலுகா, கிராமத்தின் பழைய பெயர் மூன்றையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய மாவட்டத்தின் பெயரை மட்டும் கொண்டுபோனால் தேடுதல் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

சர்க்கார் உத்தியோகஸ்தரின் சந்ததியார் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் நியமனங்களைப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பத்தார் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை கப்பலேறியவர்களின் பட்டியல்களில் தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உள்ளன. ஊரில் சுவடே இல்லாமல் மறைந்த ஒருவர் கடலுக்கு அப்பால் முழு விலாசத்தோடு கிடைக்கிறார் என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் விஷயம். ஜனத்தொகைக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தனிமனிதரைப் பற்றிய தாள்களைப் பார்வையிடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வருஷக் கணக்கில் வெகு ஜாக்கிரதை வேண்டும். வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும்: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான மாதங்களுக்கு 824. வெறும் விரோதி வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1829ஆகவும் 1889ஆகவும் 1949ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா மகாராணியின் உருவம் இருந்தால் 1889 என்று துணியலாம். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இடும் வழக்கத்தால் இரண்டு மனிதர்கள் ஒருவராகிவிடும் அபாயமும் உண்டு; தகப்பனார் பெயரையும் ஜீவனத்தையும் ஒப்பிட்ட பிறகே இருவரில் எவர் என்று தீர்மானிக்க வேண்டும்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். நிலக்கணக்கு அவர்களைப் பெரும்பாலும் பாராமுகமாகவே விட்டுவிட்டது. ஸ்ரீதனச் சொத்தின் பத்திரம், ஜீவனாம்ச வழக்கின் தீர்ப்பு, பழைய கல்யாணப் பத்திரிகை, பிறந்த வீட்டார் முறை செய்த மொய் நோட்டு ஆகியவற்றில் அவர்கள் தென்படுவார்கள். மொய் நோட்டில் தாய்மாமன் வரிசையில் எழுதியிருக்கும் ஊர் எதுவோ, அதுவே பெரும்பாலும் அந்த வீட்டுத் தாயாரின் பிறந்தகம். அந்த ஊரின் பதிவேடுகளையும் இதே முறையில் தனியாகத் தேட வேண்டும்.

கிடைத்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனித்தாள் வைத்து, செய்தி எந்தப் பத்திரத்தில், எந்த எண்ணில், யார் வாய்மொழியில் கிடைத்தது என்பதை அதன் அருகிலேயே குறியுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் காலியாகவே விட்டு, நகல் ஒன்றைப் பங்காளி வீட்டிலும் கொடுத்து வையுங்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள ஒரு பத்திரம் அந்த இடத்தை நிரப்பக்கூடும்.