பிரிவியூ தனி, மாட்யூல் பொது: பவர்ஷெல்லில் நான் மாட்டின கதை

பவர்ஷெல் பிரிவியூ போட்டுப் பாக்கலாமான்னு கிளாஸ்ல யாரைக் கேட்டாலும், "போடு மச்சி, பழசு அப்படியே இருக்கும்"னுதான் சொல்வாங்க. பாதி உண்மை. மீதிப் பாதியில் நான் மாட்டினேன்.

2024 லீவில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இன்டர்ன்ஷிப். மறுநாள் துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டிகளின் லிஸ்ட்டைத் தினமும் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும். எண்ணூர் ரோட்டில் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்த லிஸ்ட் லேட்டானால் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கிரிப்ட் ஓடுவது பவர்ஷெல் 7.4-ல். கேட் ஃபைலைப் படிக்க சி ஷார்ப்பில் எழுதின ஒரு சின்ன மாட்யூல், வெர்ஷன் 1.0.0. நான் ஆர்வக்கோளாறில் அதே கம்ப்யூட்டரில் 7.5 பிரிவியூவைப் போட்டேன். 7.4 நிற்பது டாட்நெட் 8 மேல், 7.5 நிற்பது டாட்நெட் 9 மேல். மாட்யூலை 9-க்கு கம்பைல் பண்ணி, 2.0.0-ன்னு பேர் வைத்து, பிரிவியூவில் ஓட்டினேன். சூப்பரா ஓடிச்சு. ராயபுரம் வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கிட்டேன்.

விடியற்காலை சூப்பர்வைசர் அண்ணன் ஃபோன்: "தம்பி, லிஸ்ட் வரல. டிரைவருங்க கேட்ல நிக்கிறாங்க." அன்னிக்கு அவர் லிஸ்ட்டைக் கையால் எழுதினார்.

லாக்கில் இருந்த எரர்: 'குட் நாட் லோட் ஃபைல் ஆர் அசெம்ப்ளி', கூடவே 'சிஸ்டம்.ரன்டைம், வெர்ஷன்=9.0.0.0'. இந்த நம்பர்தான் துப்பு. நான் தொடவே தொடாத 7.4, எதுக்கு 9-ஐக் கேக்குது?

காரணம் இதுதான். 7, 7-பிரிவியூ ரெண்டும் புரோகிராம் ஃபைல்ஸில் தனித்தனி ஃபோல்டரில்தான் இருக்கும். ஆனால் நம்ம டாக்குமென்ட்ஸ் உள்ளே பவர்ஷெல் ஃபோல்டரில் இருக்கும் மாட்யூல்ஸ் ஃபோல்டர் ரெண்டுக்கும் ஒன்றே. புரொஃபைல் ஃபைலும் பொதுதான். ஒரே மாட்யூல் பல வெர்ஷனில் இருந்தால், நீங்கள் எதுவும் சொல்லாதவரை 'இம்போர்ட்-மாட்யூல்' பெரிய நம்பரைத்தான் எடுக்கும். 7.4 சமத்தா 2.0.0-ஐ எடுத்தது, டாட்நெட் 9-ஐத் தேடியது, செத்தது. டாட்நெட் 8-க்கு கம்பைல் பண்ணினது பெரும்பாலும் 9-ல் ஓடும். 9-க்குப் பண்ணினது 8-ல் ஓடாது. வழி ஒரு பக்கம்தான்.

உங்களுக்கு இப்படி நடந்தால், முதலில் 'கெட்-எரர்' அடித்து உள்ளே புதைந்திருக்கும் எக்ஸெப்ஷன் வரை படியுங்கள். மேலே தெரியும் சிவப்பு வரி பாதி நேரம் ஒன்றும் சொல்லாது. அடுத்து 'கெட்-மாட்யூல் -லிஸ்ட்அவைலபிள்': எந்த வெர்ஷன், எந்த ஃபோல்டர்னு காட்டும். புரொஃபைல் மேல் சந்தேகமா? 'நோபுரொஃபைல்' போட்டுத் திறந்து பாருங்க.

5.1-க்கு எழுதின பழைய மாட்யூல் கதை வேறு. அது டாட்நெட் ஃப்ரேம்வொர்க் மேல் ஓடினது. 'யூஸ்விண்டோஸ்பவர்ஷெல்' சுவிட்ச் போட்டால் பின்னணியில் 5.1-ஐ எழுப்பி வேலை வாங்கும். திரும்பி வரும் ஆப்ஜெக்ட்டில் டேட்டா இருக்கும், மெத்தட் இருக்காது. டேட்டா மட்டும் போதும்னா தாராளமா பயன்படுத்தலாம்.

இன்னொரு குழி: பிரிவியூ வெர்ஷன், அதே நம்பர் ரிலீஸைவிடச் சின்னதாகத்தான் கணக்கு. '7.5.0 அல்லது மேல்'னு ஸ்கிரிப்ட்டில் இஃப் போட்டிருந்தால், 7.5.0-பிரிவியூவில் அது ஃபால்ஸ்.

அன்னிக்கு நான் 2.0.0 ஃபோல்டரைத் தூக்கினேன், ஸ்கிரிப்ட்டில் 'ரிக்வயர்ட்வெர்ஷன் 1.0.0'-ன்னு கட்டிப் போட்டேன். பிரிவியூவில் சோதிக்க வேண்டியதை இப்போ தனி ஃபோல்டரில் வைத்து, முழு பாத் கொடுத்துத்தான் இம்போர்ட் பண்றேன். சோதனையும் என் லேப்டாப்பில்தான். யார்ட் கம்ப்யூட்டர் பக்கம் பிரிவியூவோட போனா அண்ணன் விட மாட்டார்.