தைரொயிட்டுப் புற்றுநோயும் நிணநீர்க் கணுக்களும்

நமது கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழாக அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. உணவின் வழி வரும் அயடீனைக் குருதியினின்றும் கவர்ந்து, உடலுக்கு வேண்டிய ஓமோன்களை ஆக்குதலே அதன் தொழில். இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பான்மையானவை பப்பிலரி என்னும் வகையைச் சேர்ந்தவை. பெண்களை மிகுதியாகப் பற்றும் இந்நோய் மெல்ல வளர்வது. எனினும், கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்பு மிக்கது.

முற்காலத்து வைத்தியர்கள் கழுத்தின் பக்கத்துக் கணுக்களிலே தைரொயிட்டுக் கலங்களைக் கண்டபோது, கருவளர்ச்சியில் வழிதவறி அங்குத் தங்கிவிட்ட கலங்கள் அவையெனக் கருதினர். அவை சுரப்பியிலே மறைந்திருந்த சிறு புற்றினின்றும் பரவியவை என்பது பின்னரே தெளிவாயிற்று. தன் இடத்தில் அடங்கித் தொழில் செய்யவேண்டிய கலம் இவ்வாறு இடம்பெயர்வது ஏன்?

நம் உடற்கலங்களிலெல்லாம் பெரும்பாலும் ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. ஆயினும், ஒரே நூல்நிலையத்தில் ஒவ்வொரு வகுப்பினரும் தமக்குரிய நூல்களையே எடுத்துப் படித்தல்போல, ஒவ்வொரு கலமும் தனக்குரிய அலகுகளை மட்டுமே தொழிற்படுத்துகின்றது. இதனையே பரம்பரையலகின் வெளிப்பாடு என்பர். நூல் கெடாதிருந்தும் படிப்பாரின்றிக் கிடப்பின், அதனாற் பயனில்லையன்றோ!

பீ-ராஃப் என்னும் அலகில் நிகழும் ஒரு சிறு விகாரம் பல புற்றுநோய்களுக்குக் காரணமாதல் 2002ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதன் புரதத்திலே 600ஆம் இடத்து வலீன் நீங்கிக் குளுற்றாமிக் அமிலம் புகுகின்றது. அதனால், 'வளர்க' என்னும் கட்டளை ஓயாது பிறக்கின்றது. ஏறக்குறைய 500 பப்பிலரிக் கட்டிகளை ஆராய்ந்து 2014இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பேராய்வு, அவற்றுள் நூற்றுக்கு 60 வீதமளவில் இவ்வலகின் விகாரத்தைக் கண்டது. அத்தகைய கட்டிகளிலே, அயடீனைக் கவர்தல் முதலிய சுரப்பித் தொழிலுக்குரிய அலகுகளின் வெளிப்பாடு குன்றியிருந்தது. மறுபுறத்தே, கலங்கள் நகர்தற்குத் துணையாகும் பைபுரோனெற்றின் போன்ற புரதங்களின் அலகுகள் பப்பிலரிப் புற்றிலே மிகுந்து வெளிப்படுகின்றன. தன் தொழிலை மறந்த கலமே ஊர்சுற்றத் தொடங்குகின்றது எனலாம். ஆயினும், பீ-ராஃப் விகாரம் ஒன்றை மட்டும் நோக்கி, நோய் கணுக்களுக்குப் பரவும் அல்லது பரவாது என முடிவுகட்டுதல் இயலாது.

இம்மறதி சிகிச்சையையும் பாதிக்கின்றது. கதிர்த்தொழிற்பாடுடைய அயடீனைப் பரவிய புற்றுக்கலங்கள் உட்கொண்டு அழிதலே 1940கள் முதல் கையாளப்படும் முறை. அயடீனைக் கலத்துட் கொணரும் புரதத்தின் அலகு 1996இல் இனங்காணப்பட்டது. அவ்வலகு வெளிப்படாதவிடத்து மருந்து கலத்துட் புகாது. எனினும், மறந்ததை நினைவூட்டலாம் என்னும் நம்பிக்கை பிறந்துள்ளது. வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கும் செலுமெற்றினிப் என்னும் மருந்தை 20 நோயாளருக்குக் கொடுத்தபோது, 12 பேரிடத்தே கட்டிகள் முன்னையினும் மிகுதியாக அயடீனைக் கவர்ந்தமை 2013இல் அறிவிக்கப்பட்டது. இது எல்லாரிடத்தும் பயன்றரவில்லையாயினும், அவ்வலகுகள் அழிந்தொழியவில்லை, அடங்கியே இருந்தன என்பதற்கு நற்சான்றாகும்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. ஒன்று, கழுத்திலே தோன்றிய வீக்கம் சில வாரங்களாகியும் தணியாதிருப்பின், நோவில்லையென்று வாளாவிராது வைத்தியரை நாடுதல். மற்றையது, கணுக்களுக்குப் பரவிற்று என்ற சொற்கேட்ட அளவில் மனந்தளராதிருத்தல். 2018 முதல் வழங்கும் நிலைவகுப்பின்படி, 55 வயதுக்குட்பட்டோரிடத்து இந்நோய் கணுக்களை அடைந்திருப்பினும், தூரத்து உறுப்புக்களுக்குச் செல்லாதவரை அது முதலாம் நிலையினதே. ஆதலின், காலந்தாழ்த்தாமையும் அஞ்சாமையும் ஒருங்கே நமக்கு வேண்டுவனவாம்.