வளர்ச்சி ஓமோனைக் கலம் அணைக்கும் விதமும் நெல்வயற் களைநாசினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலை செய்வோர், பயிரின் தலையை முறித்த சில நாட்களுள் இலைக்கவடுகளிலிருந்து கெட்டுகள் கிளம்புவதை நன்கறிவர். நுனிக்குருத்து, ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோனை உண்டாக்கித் தண்டின் வழியே கீழே அனுப்புகின்றது. அது வந்துகொண்டிருக்கும் வரை பக்க அரும்புகள் அடங்கியிருக்கும். நுனி நீங்கியதும் வரத்து நிற்கின்றது. தண்டில் எஞ்சிய ஒட்சினும் குறைந்துபோகின்றது. கெட்டுகள் எழுவதற்கு இது முக்கியமான ஒரு காரணமாகும். எஞ்சியது அழியாது தங்குமாயின், கெட்டு முறிக்கும் வேலையிற் பெரும்பகுதி கமக்காரருக்கு இராது.

ஒட்சினைக் கலம் உணரும் வழி 2005 ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் நிஹால் தர்மசிறி, மார்க் எஸ்டல் முதலியோரும், இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபான் கெபின்ஸ்கி, ஒட்டோலின் லேசர் ஆகியோரும் ஒரே காலத்தில் அதனை வெளியிட்டனர். வளர்ச்சிக்குரிய பரம்பரையலகுகளைத் தடுப்புப் புரதங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. ஒட்சின் கலத்தினுள் உள்ள வாங்கிப் புரதத்தில் அமர்ந்ததும், வாங்கி அத்தடுப்புப் புரதத்தைப் பற்றி அழிவுக்கு அனுப்புகின்றது. பூட்டு நீங்க, வளர்ச்சி தொடங்குகின்றது.

அவ்வாறு விழித்தெழும் பரம்பரையலகுகளுட் சில புதிய தடுப்புப் புரதங்களையே ஆக்குவன. வேறு சில, ஒட்சினை அமினோவமிலங்களுடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதியங்களை ஆக்குவன. பிணைந்த ஒட்சின் பின்னர் ஒட்சியேற்றப்பட்டு ஒழிகின்றது. எனவே வளருமாறு வந்த செய்தியே தன்னை அணைப்பதற்கான ஏற்பாட்டையும் செய்துவிடுகின்றது. தோட்டத்தில் தண்ணீர் மாறுபவர் பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணாற் கட்டிவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். வாய் கட்டப்படாத பாத்தியிற் பயிர் அழுகும்.

1940களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தோர், ஒட்சினைப்போல் தொழிற்படும் செயற்கைப் பொருள்களைக் கண்டனர். எம்.சி.பி.ஏ., 2,4-டி என்பன அவற்றுட் சில. இவையும் வாங்கியில் அமர்ந்து பூட்டை நீக்கும். ஆனால் ஒட்சினைப் பிணைக்கும் நொதியங்கள் இவற்றை எளிதிற் பிணைக்கமாட்டா. தூண்டல் ஓயாது நீடிக்கும். எதிலீன் வாயு மிகும். இலை முறுகி, தண்டு வீங்கி வெடித்து, ஈற்றிற் களை மடியும்.

நெல் புல்லினத்தைச் சேர்ந்தது. அதனுள் இம்மருந்து அதிகம் பரவுவதில்லை. சென்றதையும் வேறு நொதியங்கள் மாற்றிவிடுகின்றன. நெற்சப்பியும் புல்லினமே ஆதலால் தப்பிவிடும். கோரையும் அகன்ற இலைக் களைகளுமே மடியும். நெற்சப்பி மண்டிய வயலுக்கு எம்.சி.பி.ஏ. அடிப்பது காசைக் கரியாக்குவதாகும். நெல்லுக்கும் இளநாற்றுப் பருவத்திலும், கதிர் கருக்கொள்ளத் தொடங்கிய பின்னரும் இம்மருந்தாற் கேடு உண்டு.

தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை, பயற்றை, முந்திரிகை யாவும் அகன்ற இலையுடையன. காலபோக நெல்லுக்கு மருந்தடிக்கும் நாட்களில் வாடைக்காற்று வீசுமாயின், நுண்டுளிகள் அயலவரின் தோட்டத்திற் சென்று படியும். காற்று அடங்கிய வேளையில், பெருந்துளியாக, தாழ்த்தியே அடித்தல் வேண்டும்.

இதனிலும் அதிகமாகக் கவனிக்கவேண்டியது தெளிகருவி. வயலுக்கு எம்.சி.பி.ஏ. அடித்த கருவியிலேயே பின்னர் மிளகாய்க்குப் பூச்சிமருந்து கலக்கப்படுகின்றது. இறப்பர்க் குழாயிலும் வாசரிலும் ஊறியிருந்த சிறிதளவு களைநாசினியே போதும். குருத்திலைகள் ஒடுங்கி, நரம்புகள் நெருங்கி, காம்புகள் கீழ்நோக்கி வளையும். இதனை இலைச்சுருள் நோயென்று கருதி, அதே கருவியால் மறுபடியும் மருந்தடிப்பின் கேடு இரட்டிக்கும். நோயாயின் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். களைநாசினியாயின், மருந்தடித்த நிரை முழுவதும் சில நாட்களுள் ஒருங்கே மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சிறிதளவே பட்டிருப்பின் புதுக் குருத்து நேராக வருதல் கூடும்.

களைநாசினிக்கெனத் தனிக்கருவி வைத்திருத்தலே நன்று. அயலவர் இருவர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் தகும். அஃது இயலாதவிடத்து, சலவைச் சோடா கரைத்த நீரைக் குழாயிலும் முனையிலும் செலுத்தி, கருவியை நிரப்பி ஓரிரவு வைத்து, மறுநாள் நல்ல நீராற் பலமுறை அலசுதல் வேண்டும். அவ்வாறு அலசிய கருவியையும் தக்காளிக்கும் முந்திரிகைக்கும் எடாதிருத்தல் நலம்.

கருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் ஆகாது. குடாநாட்டு மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். பயிருக்கு இறைப்பதும் வீட்டிற் குடிப்பதும் அந்நீரே. கழுவிய நீரை, மருந்தடித்த நெல்வயலினுள்ளேயே, வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் ஊற்றிவிடுக.