பாஸ்கெட்பால் உலகக் கோப்பையில் பெட் கட்டலாமா? 92 மேட்ச்சுக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம்



போன வீடியோவுக்குக் கீழே ஒரு நண்பர் கேட்டிருந்த கேள்வி இது: "காலேஜ் டீம்ல பாஸ்கெட்பால் ஆடினவன் நான். என்பிஏ மேட்ச் ஒண்ணு விடாம பார்ப்பேன். 2027 உலகக் கோப்பை வருது. மாசம் 3,000 ரூபாய் தனியா ஒதுக்கி பெட் பண்ணினா ஒரு சைடு இன்கம் ஆகுமா? தெரிஞ்ச விஷயத்துல தானே பணம் போடச் சொல்றீங்க?"

கடைசி வரி நியாயமான கேள்வி. அதனால "சூதாட்டம் தப்பு தம்பி"ன்னு ஒரே வரியில் முடிக்கப் போறதில்லை. இந்தியாவில் இதைச் சட்டப்படி செய்ய முடியாது, அதைக் கீழே சொல்றேன். ஆனா சட்டமே தடுக்கலைன்னாலும் கணக்கு தடுக்கும். முதல்ல அந்தக் கணக்கைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு கணக்கு போதும்.

1. ஆட்ஸ் என்பது கணிப்பு இல்லை, விலை

ஒரு மேட்ச்சுக்கு 1.91 ஆட்ஸ் என்றால் என்ன? 500 ரூபாய் கட்டி ஜெயித்தால் மொத்தம் 955 ரூபாய் திரும்ப வரும். அதில் 500 உங்கள் சொந்தப் பணம். லாபம் 455. தோற்றால் 500 போச்சு.

இந்த ஆட்ஸை வாய்ப்பாக மாற்ற 1-ஐ அதால் வகுக்கணும். 1 ÷ 1.91 = 52.4%.

பாஸ்கெட்பாலில் அதிகம் ஓடுவது ஹேண்டிகேப் பெட். பலமான அணி "12.5 பாயின்ட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்குமா, ஜெயிக்காதா" என்று இரண்டு பக்கத்தையும் சமமாக்கி விற்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் 1.91 என்று வைத்துக்கொள்ளுங்கள். 52.4 + 52.4 = 104.8%. எந்த நிகழ்வுக்கும் மொத்த வாய்ப்பு 100% தானே? அந்த மேலதிக 4.8%-இல்தான் புக்கியின் கமிஷன் இருக்கிறது. ரசீதில் தனியாக வராது, விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 4.50 ரூபாய் அவருக்கு.

மியூச்சுவல் ஃபண்டில் வருஷத்துக்கு 1% செலவு விகிதம் அதிகம் என்று நம்ம சேனலில் சண்டை போடுகிறோம். இங்கே 4.5% என்பது வருஷத்துக்கு இல்லைங்க, ஒரு மாலை நேரத்துக்கு!

2. 92 மேட்ச், 46,000 ரூபாய்

2023 உலகக் கோப்பை பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா மூன்று நாடுகளிலும் நடந்தது. 32 அணிகள், மொத்தம் 92 மேட்ச். 2027-இல் கத்தார் தலைநகர் தோஹாவில் நடக்கப் போவதும் 32 அணிகளோடுதான்.

ஒரு மேட்ச்சுக்கு 500 ரூபாய் என்று 92-க்கும் கட்டினால் கை மாறும் பணம் 46,000 ரூபாய். பல பேருக்கு ஒரு மாதச் சம்பளம். பாதி சரி, பாதி தப்பு என்று வைப்போம்:

- 46 வெற்றி × 455 = 20,930 ரூபாய் லாபம்
- 46 தோல்வி × 500 = 23,000 ரூபாய் நஷ்டம்
- கையை விட்டுப் போனது: 2,070 ரூபாய்

சமமாக ஆடினாலும் நஷ்டம். லாபம் பார்க்க 92-க்கு 49 சரியாக வரணும். "அவ்வளவுதானே, மூணு மேட்ச் அதிகம்!" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

3. "எனக்கு கேம் தெரியும்"

தெரியும், ஒத்துக்கிறேன். ஆனா உங்களுக்குத் தெரிந்தது விலை போடுகிறவருக்கும் தெரியும். யாருக்குக் காயம், யார் வரவில்லை, யாருக்கு எந்த கோச் எல்லாம் ஏற்கெனவே அந்த 1.91-க்குள் இருக்கிறது. நல்ல கம்பெனி என்று ஊருக்கே தெரிந்த பிறகு அதன் ஷேர் மலிவாகக் கிடைக்காது இல்லையா? அதே கதைதான். அணி பலமானதா என்பது கேள்வி இல்லை. விலை சொல்வதைவிடப் பலமானதா என்பதுதான் கேள்வி.

2023-இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

பிரான்ஸ். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 2022 யூரோபாஸ்கெட்டிலும் வெள்ளி. முதல் மேட்ச்சில் கனடாவிடம் 95-65. அடுத்தது லாட்வியாவிடம் 88-86. இரண்டே மேட்ச்சில் கதை முடிந்தது. அந்த லாட்வியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை, அதுவும் அவர்களுடைய பெரிய நட்சத்திரம் போர்ஜிங்கிஸ் காயத்தால் வரவே இல்லை. கடைசியில் ஐந்தாம் இடம் பிடித்தார்கள்.

அமெரிக்கா. முழு அணியும் என்பிஏ வீரர்கள். லித்துவேனியாவிடம் 110-104, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 113-111, மூன்றாம் இடத்துக்கான மேட்ச்சில் கனடாவிடம் ஓவர்டைமில் 127-118. நான்காம் இடம்.

ஜெர்மனி. இறுதியில் செர்பியாவை 83-77 என்று வென்று முதல்முறையாக உலக சாம்பியன். 8 மேட்ச், 8 வெற்றி. "ஜெர்மனிதான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். லாட்வியாவுக்கு எதிராக 81-79. தொடரின் சிறந்த வீரர் விருது வாங்கிய டென்னிஸ் ஷ்ரோடர் அன்று 26 ஷாட் அடித்து 4-தான் உள்ளே போட்டார். கடைசி நொடியில் டாவிஸ் பெர்டான்ஸ் எறிந்த மூன்று பாயின்ட் ஷாட் உள்ளே போயிருந்தால் ஜெர்மனி அன்றே வீட்டுக்குப் போயிருக்கும். ஜெர்மனி மேல் பணம் கட்டியவர் "என் அனாலிசிஸ்" என்று சொல்லிக்கொள்வது அந்த ஒரு பந்தின் தயவு.

என்பிஏ பிளேஆஃபில் ஏழு மேட்ச் தொடர் இருக்கும், நல்ல அணி மீண்டு வர நேரம் உண்டு. உலகக் கோப்பை நாக் அவுட்டில் ஒரே மேட்ச், அதுவும் 48 நிமிஷம் இல்லை, 40 நிமிஷம். ஆட்டம் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். ஒரே ஒரு ஷேரில் மொத்தப் பணத்தையும் ஒரு நாளைக்குப் போடுகிற மாதிரி.

இன்னொன்று: அமெரிக்காவும் லித்துவேனியாவும் மோதியபோது இரண்டு அணிகளும் ஏற்கெனவே காலிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன. இப்படிப்பட்ட மேட்ச்சில் யாரை எவ்வளவு நேரம் ஆட விடுவது என்பது கோச் மனசுக்குள் இருக்கிற விஷயம். வெளியிலிருந்து அதை எப்படிக் கணிப்பீர்கள்?

4. டெலிகிராமில் பார்க்கும் அந்த 30 பேர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பாஸ்கெட்பாலே தெரியாத 100 பேரைக் கூப்பிட்டு, காசு சுண்டிப் போட்டு 92 மேட்ச்சுக்கும் பெட் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? 49 அல்லது அதற்கு மேல் சரியாக வருகிறவர்கள் சுமார் 30 பேர் இருப்பார்கள். இது நிகழ்தகவுக் கணக்கு. அதாவது ஒன்றும் தெரியாமலேயே 100-க்கு 30 பேர் லாபத்தில் வெளியே வருவார்கள்!

அந்த 30 பேர்தான் ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். "விஐபி குரூப்" ஆரம்பிப்பார்கள். மீதி 70 பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அதைவிட ஆபத்து: அந்த 30-இல் ஒருவர் நீங்களாக இருந்தால்? நமக்குத் திறமை இருக்கிறது என்று நம்பி அடுத்த தொடருக்கு 500-ஐ 5,000 ஆக்குவீர்கள். முதல் தடவை ஜெயிப்பது தோற்பதைவிடச் செலவு அதிகம் வைக்கும்.

5. செலவு ஏறும் மூன்று இடங்கள்

மல்டி பெட்: நான்கு மேட்ச்சைக் கோர்த்து, நான்கும் சரியாக வந்தால்தான் பணம். 1.91-ஐ நான்கு முறை பெருக்கினால் 13.31. 500 ரூபாய்க்கு 6,654 ரூபாய் என்று காட்டும், கண் விரியும். ஆனால் நான்கும் சரியாக வர வாய்ப்பு 16-இல் ஒன்று. நியாயமான விலை 8,000 ரூபாய். கமிஷன் 4.5%-இலிருந்து கிட்டத்தட்ட 17% ஆகிவிட்டது. எந்த ஆப்பும் இதைத்தான் பெரிய எழுத்தில் காட்டும், ஏன் என்று இப்போது புரியும்.

சாம்பியன் பெட்: காலிறுதியில் எட்டு அணிகள். உதாரணத்துக்கு ஆட்ஸ் 2, 5, 6, 8, 12, 15, 20, 25 என்று வைப்போம். ஒவ்வொன்றையும் வாய்ப்பாக மாற்றிக் கூட்டுங்கள். 123% வரும். அதாவது 100 ரூபாய்க்கு சுமார் 19 ரூபாய் கமிஷன். தேர்வுகள் கூடக் கூட, கமிஷனை ஒளிக்கவும் இடம் கூடும்.

டபுள் போடுவது: தோற்றால் இரட்டிப்பாகக் கட்டி மீட்பது. 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. தொடர்ந்து ஆறு தோற்றால் 31,500 ரூபாய் காலி. "ஆறு தொடர்ந்து எங்கே தோற்பேன்?" 92 மேட்ச்சில் எங்கேயாவது ஒரு இடத்தில் அப்படி நடக்க கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதுவும் எதற்காக? முதலில் போட்ட 500-ஐ மீட்க!

6. சட்டம், வரி, சம்பள அக்கவுன்ட்

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 வருஷம், 50 லட்சம் வரை. அந்தச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெட்டில் ஜெயித்த பணத்துக்கு நீங்கள் எந்த ஸ்லாபில் இருந்தாலும் 30% வரி, செஸ் தனி. தோற்றதைச் சம்பளத்தில் கழித்துக் காட்ட முடியாது.

இதையெல்லாம் விட நமக்கு நேரடியாக வலிக்கும் விஷயம் ஒன்று. சட்டவிரோத வெளிநாட்டு ஆப்கள் பணத்தை முன்பின் தெரியாத ஆட்களின் யுபிஐ, வங்கிக் கணக்கு வழியாகச் சுற்றிவிடும். அந்தக் கணக்கு ஏதாவது மோசடி வழக்கில் சிக்கினால், அதிலிருந்து பணம் வாங்கிய உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். அது சம்பள அக்கவுன்டாக இருந்தால் வாடகையும் இஎம்ஐயும் அன்றே பவுன்ஸ். யாரிடம் போய் என்ன சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்?

7. சரி, அந்த 3,000 ரூபாயை என்ன பண்ணலாம்?

முதல் 12 மாதம் ஆர்டி போடுங்கள். வட்டியை விடுங்கள், அசலே 36,000 ரூபாய். வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ கடன் ஆப் பக்கம் போகாமல் காப்பாற்றும். அவசர நிதி ஆறு மாதச் செலவுக்கு வந்த பிறகு எஸ்ஐபி பற்றிப் பேசுவோம்.

கேம் அறிவை என்ன செய்வது? ஒரு நோட்டு எடுங்கள். 2027-இல் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் யார் ஜெயிப்பார், எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று எழுதுங்கள். பணம் வேண்டாம். தொடர் முடிந்ததும், "70%" என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு உண்மையில் வந்ததா என்று பாருங்கள். நம்ம நம்பிக்கைக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத் தெரியும். ஷேர் வாங்குவதற்கு முன்னால் இதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

ஏற்கெனவே பெட் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கியிருக்கிறீர்களா? முதலில் ஆப்பை நீக்குங்கள், அடுத்து வீட்டில் நம்பும் ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள். பாதியைச் சொல்லாதீர்கள், மீதிப் பாதிதான் மறுபடி பெட் கட்ட வைக்கும். தூக்கம் கெட்டு மனசு அடித்துக்கொண்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரே வரியில் பதில்: தெரிந்த விஷயத்தில் பணம் போடுங்கள் என்று நான் சொன்னது உண்மைதான். ஆனா உங்களுக்குத் தெரிந்தது பாஸ்கெட்பால். நீங்கள் வாங்கப் போவது பாஸ்கெட்பாலை இல்லை, அதற்கு இன்னொருவர் போட்ட விலையை. மேட்ச்சை ரசித்துப் பாருங்கள், பணம் உங்க பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த பதிவில் சந்திப்போம்!