ஃபேன் மேல் போட்ட பழி

கரண்ட் போனதும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது நம் வழக்கம். அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் நம்முடையது. டி.பி. பாக்ஸைத் திறந்ததும் விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடத்தான் கை போகும். எது விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சின்ன எம்.சி.பி. ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் லோடு தகராறு. எங்கள் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ஓவன் மூன்றும் ஒரே லைன். சேர்ந்து ஓடினால் 5,000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, சூடேறி, கொஞ்சம் கழித்துத்தான் விழும். தூக்கிய கணமே ‘டப்’பென்று விழுந்தால் ஷார்ட், திரும்பத் திரும்பத் தூக்கக் கூடாது. “32 போட்டுடலாம் சார், விழவே விழாது” என்பார்கள். விழாதுதான், சுவருக்குள் ஒயர் உருகும். எம்.சி.பி. இருப்பதே அந்த ஒயரைக் காக்க.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் கதை வேறு. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமில்லை, எங்கோ எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியருக்குள்ளேயே விழுந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஹால் ஃபேனைப் போட்டால் விழுந்தது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தாயிற்று, ரெகுலேட்டரையும் மாற்றியாயிற்று. குற்றவாளி பாத்ரூமில் அணைத்தே கிடந்த கீசர்! சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் தொடுப்பிலேயே இருக்கும். கீசர் காயில் விரிசல் விட்டு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேறு எதைப் போட்டாலும் திரும்பும் கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வழியே நழுவிவிடும்.

ஆகவே சுவிட்சை அணைத்துத் தேடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கித் தேடுங்கள். கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று தண்ணீர் புழங்குபவை முதலில். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் பிடியை முழுக்கக் கீழே அழுத்தி மேலே ஏற்றுங்கள்; சில மாடல்கள் பாதியில் நின்றால் ஏறாது. பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கசிவு ஒயரிங்கில், அல்லது மழையில் நனையும் கேட் விளக்கில். அது எலக்ட்ரீஷியன் வேலை. கருகல் வாடை வந்தாலோ பாக்ஸ் சுட்டாலோ எதையும் தொடாமல் அவரைக் கூப்பிடுங்கள்.

இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து விழத் தொடங்கியிருந்தால், மாட்டியவர் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் கலந்து கட்டியிருக்கக்கூடும். அவரையே வரச் சொல்லுங்கள்.